பக்கத்து ஊருக்கு நடந்தே போவது எப்படி? சிங்கப்பூர்ப் பேட்டைகளுக்கு ஒரு நடை வழிகாட்டி

பொத்தோங் பாசிரிலிருந்து தோ பாயோவுக்கு எம்ஆர்டியில் போவதாக வைத்துக்கொள்வோம். ஊதா ரயிலில் ஏறி, உட்லி தாண்டி, சிராங்கூனில் இறங்க வேண்டும். அங்கே வட்டப்பாதைக்கு மாறி, லோரோங் சுவான் தாண்டி, பீஷானில் இறங்க வேண்டும். அப்புறம் சிவப்பு ரயில் பிடித்து, பிராடல் தாண்டினால் தோ பாயோ. இரண்டு முறை ரயில் மாறி, நாலைந்து மின்படிக்கட்டு ஏறி இறங்கிப் போய்ச் சேரும் அந்த இடம், கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் இரண்டரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

இது உறைக்க எனக்குப் பல வருடம் ஆனது. எம்ஆர்டி வரைபடத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரே வண்ணக் கோட்டில் இருப்பவைதான் பக்கத்து ஊர்கள். வேறு கோட்டில் இருந்தால் அது வேறு தேசம். உண்மையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய பேட்டைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன.

நம் ஆட்களுக்கு நடை ஒன்றும் புதிதல்ல. தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடியோடு நடக்கிறோம். தீமிதிக்கு அதே பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரை, அதுவும் வெறுங்காலில், நடக்கிறோம். மறுநாள் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போக பஸ்ஸுக்காகக் கால்மணி நேரம் நிற்பதும் நாம்தான்.

சரி, எப்படி நடப்பது என்று பார்ப்போம்.

முதல் வேலை கணவாயைத் தேடுவது

பேட்டைக்குள் நடப்பதற்கு யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. அடுக்குமாடிப் புளோக்குகளின் கீழ்த்தளம் வழியாகக் குறுக்கே போகலாம், கூரை போட்ட நடைபாதைகள் இருக்கின்றன, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு கோப்பிக்கடை வந்துவிடும். சிக்கல் எல்லையில்தான். இங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவே பெரும்பாலும் விரைவுச்சாலையோ, கால்வாயோ, காடோ நீர்த்தேக்கமோ கிடக்கிறது. அதைத் தாண்ட நாலைந்து இடங்கள்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டப் பாலக்காட்டுக் கணவாய் மாதிரி. அதனால் அந்த இடங்களை நான் கணவாய் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

பலரும் வீட்டு வாசலிலிருந்து கோடு போட ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. முதலில் கணவாயைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் வீட்டிலிருந்து கணவாய் வரை ஒரு பாதி, கணவாயிலிருந்து போகும் இடம் வரை மறுபாதி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதியும் தானாக அமைந்துவிடும்.

தேடுவது இப்படி. ஒன்மேப்பையோ கூகுள் மேப்பையோ திறந்து, இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் தடித்த கோட்டைக் கண்டுபிடியுங்கள். விரலை அதன்மேல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நகர்த்துங்கள். அதைக் குறுக்கே வெட்டும் ஒவ்வொரு மெல்லிய கோடும் ஒரு கணவாயாக இருக்கலாம். செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி அது உண்மையில் என்ன என்று பாருங்கள். தெருப் படத்திலும் ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்லது. நடைபாதை இருக்கிறதா, வெறும் கார் போகும் சரிவா என்று அங்கேதான் தெரியும்.

கணவாய்களில் தரம் உண்டு. என் கணக்கில் முதலிடம் ஆற்றோரப் பாதைக்கு. விரைவுச்சாலைக்காக ஆறு நிற்பதில்லை, அடியில் புகுந்துதான் போகும். அதன் கரையில் பாதை போட்டிருந்தால் பல இடங்களில் நீங்களும் கூடவே புகுந்து போய்விடலாம். தேசியப் பூங்காக் கழகம் 1990-களிலிருந்து போட்டுவரும் பூங்கா இணைப்புப் பாதைகள் இன்றைக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. அவற்றில் பல, கால்வாய்களின் ஓரம் வடிகாலுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் போட்டவை. சும்மா கிடந்த நிலத்தைப் பாதையாக்கியது நடப்பவர்களுக்கு நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது இடம் நடைமேம்பாலத்துக்கு. படி ஏற வேண்டும், வெயில் அடிக்கும், ஆனாலும் பத்திரம். கடைசி இடம் விரைவுச்சாலை மேம்பாலத்துக்கு அடியில் போகும் சாதாரணப் பெருஞ்சாலைக்கு. சத்தமும் புகையும் ஒரு பக்கம் இருக்க, விரைவுச்சாலைக்கு ஏறும் கிளைச்சாலைகளை இரண்டு மூன்று முறை கடக்க வேண்டும். அங்கே வளைவில் திரும்பும் கார்க்காரருக்கு நடப்பவர் வருவார் என்ற எண்ணமே இருக்காது. கண்ணோடு கண் பார்த்த பிறகே காலை எடுத்து வையுங்கள்.

கூகுளின் நடைவழி பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான் காட்டும். நீங்கள் தேர்ந்த கணவாயில் ஒரு புள்ளி வைத்துவிட்டு வழி கேளுங்கள், அப்போதுதான் ஒழுங்காகச் சொல்லும்.

ஒரு பாதையைப் போட்டுப் பார்ப்போம்

பொத்தோங் பாசிர், தோ பாயோவையே எடுத்துக்கொள்வோம். நடுவில் இரண்டு தடைகள்: காலாங் ஆறு, மத்திய விரைவுச்சாலை. பியர்ஸ் நீர்த்தேக்கப் பக்கமிருந்து கிளம்பிக் காலாங் படுகை வரை ஓடும் இந்த ஆறுதான், சுமார் 10 கிலோமீட்டர் நீளத்தோடு, இந்தத் தீவின் நீளமான ஆறு. அது மத்திய விரைவுச்சாலைக்கு மேற்கே இருக்கும் பீஷானிலிருந்து கிழக்கே இருக்கும் பொத்தோங் பாசிருக்கு வருகிறது. அப்படியென்றால் வழியில் எங்கோ ஓர் இடத்தில் விரைவுச்சாலையைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாவது வாய்ப்பு பிராடல் சாலை. அது கடைசித் தரக் கணவாய்தான், ஆனால் எப்போதும் திறந்திருக்கும்.

நான் முதல்முறை போனபோது ஆற்றோரத்தை நம்பித்தான் கிளம்பினேன். பாதையை மறித்துத் தகரத் தடுப்பு நின்றது. வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை. எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தம்பி, கட்டுமான வேலைக்கு ஊரிலிருந்து வந்தவர், பார்த்துவிட்டு, “அண்ணே, அந்தப் பக்கம் போவாதீங்க, அடைச்சிட்டாங்க. மெயின் ரோட்டுக்கே போயிடுங்க” என்றார். திரும்பி நடந்து பிராடல் சாலை வழியாகச் சுற்றிப் போனேன். இரண்டரைக் கிலோமீட்டர் நாலரை ஆனது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஒரு கணவாயை நம்பிக் கிளம்பாதே, மாற்றுக் கணவாய் ஒன்றைக் குறித்துக்கொண்டு கிளம்பு. இந்த ஊரில் எங்காவது ஏதாவது தோண்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

சுற்றிப் போனதில் ஒரு லாபம். தோ பாயோ லோரோங் 8-இல் வைராவிமட காளியம்மன் கோயில் வழியில் வந்தது. பொத்தோங் பாசிரில் சிவதுர்க்கை கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். ஓர் அம்மனிடம் சொல்லிவிட்டு வந்து இன்னோர் அம்மனிடம் வருகையைப் பதிவு செய்த மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் எந்தப் பாதை போட்டாலும் இரண்டு முனையிலும் என்ன கோயில், என்ன உணவங்காடி என்று பார்த்துத்தான் போடுகிறேன். முனையில் ஏதாவது இருந்தால்தான் கால் ஒத்துழைக்கிறது.

பேட்டைக்குள் வழி தெரியாமல் நின்றால் போனை எடுக்காமல் புளோக் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான பேட்டைகளில் மூன்று இலக்க எண்ணின் முதல் இலக்கம் அக்கம்பக்கத்தைக் குறிக்கும். 2-இல் தொடங்கிய எண்கள் திடீரென்று 1-இல் தொடங்கினால் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தூரம், நேரம்

நேர்கோட்டுத் தூரத்தை அளந்து அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். நல்ல கணவாய் கிடைத்தால் அதுதான் உண்மைத் தூரம். கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல், தண்ணீர், நீர்நாய் தெரிந்தால் நின்று பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஆசையில் முதல் நாளே 12 கிலோமீட்டர் போய்விட்டு ஒரு மாதம் செருப்பையே தொடாதவர்களை எனக்குத் தெரியும்.

எந்தத் திசை? முதல் சில முறை ரயிலில் வெளியூர் போய்விட்டு வீட்டை நோக்கி நடங்கள். களைத்துப்போன கடைசிக் கிலோமீட்டர் தெரிந்த இடமாக இருக்கும். பழகிய பிறகு திசையை மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே வருடம் முழுக்க சூரியன் காலை 7 மணியை ஒட்டி உதித்து மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் எல்லாம் முடிந்துவிடும். கால்வாய் ஓரம் போகும்போது எந்தக் கரை என்பதைக் கவனியுங்கள். காலையில் கிழக்குக் கரையில் உயரமான புளோக்குகள் இருந்தால் நிழல் அந்தப் பக்கம்தான். மாலையில் அது மேற்குக் கரைக்குப் போய்விடும். பாலம் வரும்போதெல்லாம் கரை மாறிக்கொள்ளலாம். பத்து நிமிட வெயில் மிச்சமாவது இங்கே சின்ன விஷயமில்லை.

மழையும் மின்னலும்

வெயிலைக்கூடச் சமாளிக்கலாம், மின்னல் விளையாட்டல்ல. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதிகாலையிலோ காலையிலோ சுமத்ரா பக்கமிருந்து புயல்காற்றோடு மழை வரும். மேற்கே வானம் கறுத்து திடீரென்று குளிர்காற்று அடித்தால் உங்களுக்கு இருப்பது கொஞ்ச நேரம்தான். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை, சில நாள் நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். கிளம்பும் முன் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் மழை வரைபடத்தைப் பாருங்கள்.

பேட்டைக்குள் மாட்டினால் பயமில்லை, பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தில் தாத்தாக்களோடு சேர்ந்து உட்கார்ந்துவிடலாம். திறந்த கால்வாய்க் கரையும், நீர்த்தேக்க ஓரமும்தான் ஆபத்து. மரத்தடியில் ஒதுங்காதீர்கள். அதனால் பாதை போடும்போதே, கணவாய்க்கு முந்தைய கடைசிக் கூரை எது, பிந்தைய முதல் கூரை எது என்று பார்த்து வைப்பேன். இரண்டுக்கும் நடுவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகுமென்றால், வானம் மூடியிருக்கும் நாளில் அந்தப் பாதையில் போவதில்லை.

ஆற்றோரப் பாதை மழையில் முழுகவும் செய்யும். பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் தண்ணீர் ஏறும்போது எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும், விளக்குகள் எரியும். அது ஒலித்தால் கரையேறுங்கள், படமெடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பையில் என்ன

அதிகம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு குடை (மழைக்கும் வெயிலுக்கும், மழைக்கோட்டு போட்டால் உள்ளேயே வெந்துபோவீர்கள்), ஒரு சின்னத் துண்டு, ஈசிலிங்க் அட்டை. முடியாவிட்டால் எங்கிருந்தும் பஸ் பிடிக்கலாம் என்ற தைரியத்தைத் தருவது அந்த அட்டைதான். தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம், பாதி நடந்து மீதி பஸ்ஸில் போனதும் நடைதான். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள், டெங்கிக் கொசு பகலில்தான் கடிக்கும். காலணி விஷயத்தில், பேட்டைப் பாதைக்கு நல்ல வார் வைத்த செருப்பே போதும், மண்பாதைக்கு மட்டும் ஷூ.

கழிப்பறைக்கு உணவங்காடி, எம்ஆர்டி நிலையம், சமூக மன்றம் இந்த மூன்றையும் வழியில் குறித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களைக் கூட்டிப் போனால் இதுதான் முதல் கேள்வியாக வரும்.

பாதையில் மற்றவர்கள்

இடப்பக்கம் ஒட்டி நடங்கள். நாலு பேர் கைகோத்துக்கொண்டு பாதையை அடைத்துப் போவது கல்யாண ஊர்வலத்துக்குச் சரி. பகிரப்படும் பாதைகளில் சைக்கிள் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம், சாதாரண நடைபாதையில் 10-தான். மின்ஸ்கூட்டருக்கு 2019 நவம்பரிலிருந்து நடைபாதையில் இடமே கிடையாது. இதெல்லாம் சட்டம், நடைமுறையில் காதில் மாட்டியிருப்பதில் ஒரு பக்கத்தைக் கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு.

குரங்குகளுக்குச் சாப்பாடு போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினாலே புக்கிட் தீமா பக்கத்துக் குரங்குகள் உங்களைச் சொந்தக்காரராக ஏற்றுக்கொள்ளும். பையை முதுகுப்பைக்குள் போட்டுவிடுங்கள். உடும்பு குறுக்கே வந்தால் நில்லுங்கள், அது பாட்டுக்குப் போய்விடும்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்

அங் மோ கியோவிலிருந்து பீஷான். இதைவிடச் சுலபமான முதல் நடை கிடையாது. இரண்டு ஊருக்கும் நடுவே விரைவுச்சாலைக்குப் பதில் ஒரு பூங்கா இருக்கிறது, அதாவது எல்லையே கணவாய். ஒரு காலத்தில் நேராக வெட்டிய கான்கிரீட் கால்வாயாகக் கிடந்த காலாங் ஆற்றை, 2012-இல் வேலை முடித்தபோது 3 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றிவிட்டார்கள். அங் மோ கியோ எம்ஆர்டியிலிருந்து தெற்கே வந்து, அவென்யூ 1-ஐத் தாண்டி, பூங்காவுக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறினால் பீஷான். 3 கிலோமீட்டர் வரும். கால் இன்னும் கேட்டால் அப்படியே தெற்கே பிராடல், தோ பாயோ என்று இன்னொரு 3 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹில்வியூவிலிருந்து கிங் ஆல்பர்ட் பார்க். இது பழைய ரயில் பாதை வழி. தஞ்சோங் பகாரிலிருந்து மலாயா ரயில் கடைசியாகக் கிளம்பியது 2011 ஜூன் 30 இரவு, ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு உட்லண்ட்ஸ் முதல் தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டருக்கு நடைபாதை மிஞ்சியது. ரயிலுக்கு ஏற்ற இறக்கம் ஆகாது, அதனால் முட்டிவலிக்காரர்களுக்கு இதுபோல் சமமான பாதை அமைவது அபூர்வம். ரயில் மால் பக்கத்தில் ஓர் இரும்புப் பாலம், புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னோர் இரும்புப் பாலம், நடுவில் இரண்டு பக்கமும் காடு. சுமார் 4 கிலோமீட்டர். 2022-இல் மறுபடி திறந்த அந்தச் செங்கல் நிலையத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

ஆனால் ஆரம்பித்துவிட்டால் நடுவில் வெளியேறும் வழி குறைவு, கடையும் கிடையாது. பெரும்பகுதியில் விளக்கும் இல்லை, எனவே மாலை ஆறுக்குமேல் நுழையாதீர்கள். மழைக்கு மறுநாள் சேறாக இருக்கும். இன்னும் தெற்கே குவீன்ஸ்டவுன் வரை போகிறவர்கள் காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலை எட்டிப் பார்க்கலாம். ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட்ட சாமிதான் இடம் மாறி அங்கே இருக்கிறார். அந்தப் பாதையில் நடந்து வந்து அவரைப் பார்ப்பதற்கும் பஸ்ஸில் வந்து பார்ப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

செங்காங்கிலிருந்து பொங்கோல். தடை தெம்பனிஸ் விரைவுச்சாலை, கணவாய் பொங்கோல் ஆற்றங்கரை. செங்காங் ஆற்றோரப் பூங்காவில் ஆரம்பித்து பொங்கோல் நீர்வழியில் முடியுங்கள். நிழல் குறைவு, காலையில் மட்டும். பிடோக்கிலிருந்து தெம்பனிஸ் போகிறவர்களுக்குத் தடை தீவு விரைவுச்சாலை. அதைத் தாண்டிவிட்டால் பிடோக் நீர்த்தேக்கம், அதன் கரையில் நடந்து தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி பக்கம் ஏறினால் தெம்பனிஸ். நீர்த்தேக்கத்தை முழுக்கச் சுற்ற வேண்டாம், அது மட்டுமே 4 கிலோமீட்டருக்கு மேல்.

ஈசூனிலிருந்து செம்பவாங். இதை வீட்டுப் பிள்ளைகளோடு போங்கள். ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் ஆரம்பிக்கலாம், பங்குனி உத்திரத்துக்குப் பலரும் போய்ப் பழகிய இடம்தான். அங்கிருந்து காம்பஸ் அவென்யூ பக்கம் வந்தால் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா, 2020-இல் புதுப்பித்துத் திறந்தது. ஊற்றுத் தண்ணீரின் சூடு சுமார் 70 பாகை. கூட்டம் கூட்டமாக மக்கள் முட்டையை வேக வைத்துக்கொண்டும், ஆறிய தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டும் உட்கார்ந்திருப்பார்கள். காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்குச் சாத்துவார்கள். முட்டையை நடந்து எடுத்துப் போவதென்றால் அட்டைப்பெட்டி வேண்டாம், மூடியுள்ள பாத்திரத்தில் துண்டைச் சுற்றி வையுங்கள், அதே பாத்திரத்தில் வெந்நீர் பிடித்து முட்டையைப் போட்டுக்கொள்ளலாம். அவசரப்பட்டால் அரைவேக்காடுதான், தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை கால் ஊறட்டும், செம்பவாங் எம்ஆர்டிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்போல நடக்க வேண்டும். உப்பும் மிளகும் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டி எடுத்துப் போய்விடுங்கள்.